கணினி நிறுவனத்தில் நம் தோட்டத்துப் பிள்ளை
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



"கணினியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் எனக்குக் கட்டளையிட்டார். நான் கணினி நிபுணன் அல்லன். ஆசிரியர் பயிற்சி பெற்று, இந்தத் தோட்டப் பள்ளியில் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறவன். ஆகவே எனக்குத் தெரியாததைப் பேசாமல், தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். அப்பா செம்பனைப் பழம் வெட்டுகிறவர். அம்மா உரம் போடும் கேங்கில் இருப்பவர். "என் பேரைச் சொல்லாதீங்க சார், வெட்கமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன். இங்கே பாதிப் பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்!

அவள் எஸ்.பி.எம். முடித்து, போலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கிறாள். சென்ற ஆண்டு இருபது வாரம் சைபர்ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்திற்குப் பயிற்சிக்குப் போய்வந்தாள். மலாயில் லத்திஹான் இண்டஸ்ட்ரி என்கிறார்கள். தமிழில் தொழிலியல் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். அவள் திரும்பி வந்ததும் தன் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். தினமும் என்ன செய்தாள் என்று நாள்தோறும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய புத்தகம் அது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைப் படித்தேன். அதில் உள்ளதும், அவள் வாயால் சொன்னதும்தான் இந்தப் பேச்சு.

முதலில் பெற்றோர்களின் சந்தேகம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். "படிக்கத்தானே அனுப்பினோம், எதுக்கு வேலைக்கு அனுப்புறாங்க?" என்று அவள் அப்பாவே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பயிற்சி வேலையும் அல்ல, விடுமுறையும் அல்ல. படிப்பின் ஒரு பகுதி. நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து பார்ப்பார். இருவரும் புள்ளி போடுவார்கள். இதில் தேறாவிட்டால் டிப்ளோமா கிடையாது.

இந்தத் தோட்டம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாகப் பால் வெட்டப் பழகுகிறவனுக்கு நல்ல மரத்தைக் கொடுப்பார்களா? மாட்டார்கள். வெட்டிச் சாய்க்க வைத்திருக்கும் கிழட்டு மரத்தைத்தான் காட்டுவார்கள். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டை காயப்பட்டால் மரத்துக்குத்தான் நட்டம், அந்த மரம் எப்படியும் போகப்போகிற மரம். மென்பொருள் நிறுவனத்திலும் அப்படித்தான். வாடிக்கையாளர் பயன்படுத்தும் உண்மையான கணினியில் பயிற்சிப் பிள்ளையைக் கைவைக்க விடுவதில்லை. அதன் நகல் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறார்கள். அங்கே அவள் எதை உடைத்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் 'கிட்' என்ற ஒரு மென்பொருள் பதிவு செய்துகொள்ளும். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-இல் உருவாக்கியது. தவறு நடந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நமது கிழட்டு மரத்துக்கு அந்த வசதி இல்லை.

சைபர்ஜெயா என்றதும் கண்ணாடிக் கட்டடங்கள் நினைவுக்கு வரும். 1997-இல் திறக்கப்பட்ட நகரம் அது. அதை ஒட்டி இருப்பது புத்ராஜெயா. அந்தப் புத்ராஜெயா எந்த மண்ணில் நிற்கிறது, மாணவர்களே? பிராங் பெசார் தோட்டத்து மண்ணில்! முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம். பெரும்போர் என்பதைத்தான் மலாயில் பிராங் பெசார் என்று பெயராக வைத்தார்கள். பி.பி. 86 என்று பெரியவர்கள் சொல்லும் ரப்பர் இனம் இருக்கிறதே, அந்த 'பி.பி.' என்பது பிராங் பெசார்தான். 1990-களில் அந்த மண் அரசாங்க நகரத்துக்குப் போயிற்று. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபுகுந்தது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் பிள்ளையின் பாட்டி பிராங் பெசாரில் பால் வெட்டியவர். பேத்தி பஸ்ஸில் அந்த வழியாகப் பயிற்சிக்குப் போனாள். "பாட்டி எந்த இடத்துல நின்னு வெட்டுனாங்கன்னு தெரியல சார், எல்லாமே ஏரியும் பாலமுமா இருக்கு" என்றாள்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். அங்கே காலை ஒன்பதரைக்குப் பெரட்டு உண்டு என்றால் நம்புவீர்களா? உண்டு! ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டே கால் மணி நேரம் பேசுகிறார்கள். நம் பெரட்டில் இருட்டோடு போய் நிற்போம். மண்டோர் பேர் கூப்பிடுவார், வேலையைப் பிரித்துக் கொடுப்பார், நாம் கேட்டுக்கொண்டு நடப்போம். அங்கே தலைகீழ். பேசவேண்டியது மண்டோர் இல்லை, வேலையாள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது எனக்குத் தடையாக நிற்கிறது என்று மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளை முதல் இரண்டு வாரம் என்ன சொன்னாள் தெரியுமா? "தடை ஒன்றும் இல்லை." பதிவுப் புத்தகத்தில் பத்து நாளும் அதுவே எழுதியிருக்கிறது. உண்மையில் அவள் கணினியில் அந்த நிறுவனத்தின் மென்பொருள் ஓடவே இல்லை. ஏதோ ஒரு கடவுச்சொல் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அதைக் கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறார்கள், நாம் கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். "பெரியவங்க பேசும்போது வாயை மூடு" என்று வீட்டில் சொல்கிறோம். வகுப்பில் நாங்களும் "சத்தம் போடாதே" என்கிறோம். அமைதியான பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சுகிறோம், அதற்கு இதே மேடையில் நன்னடத்தைப் பரிசும் கொடுக்கிறோம். மரியாதை வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் கேட்பதும் மரியாதைக் குறைவு என்று பிள்ளை நினைத்துக்கொண்டால், நாம் சொல்லிக்கொடுத்தது அதன் காலில் மாட்டிய விலங்காகிவிடுகிறது.

மூன்றாம் வாரம் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, எனக்கு இது வராது, நான் வந்துடறேன்" என்று அழுதிருக்கிறாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்பதை அவரே என்னிடம் சொன்னார். "நான் மொத நாள் உரம் போடப் போனப்ப எத்தனை மங்கு போடணும்னு யாரும் சொல்லல. நானா போய்க் கேட்டேன். மண்டோர் திட்டுனார். ஆனா சொன்னார். நீயும் போய்க் கேளு. திட்டுனா என்ன, தேஞ்சா போயிடுவே?" கல்லூரியில் கவுன்சலிங் என்று மணிக்கணக்கில் பேசுவதை, அந்தத் தாய் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்!

மறுநாள் காலை பெரட்டில் கை நடுங்க, "எனக்குத் தடை இருக்கிறது" என்றாள். யாரும் திட்டவில்லை. அவளுடைய மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரை 'காக்' என்றுதான் அழைப்பார்களாம். அவர் வந்து ஐந்து நிமிடத்தில் கடவுச்சொல்லை வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு விதி சொன்னார்: "ஒரு மணி நேரம் நீயே முயன்று பார். முடியாவிட்டால் கேள். இரண்டாம் மணி நேரத்தை வீணாக்காதே."

அதன்பின் அவளுக்கு உண்மையான வேலை வந்தது. அந்த நிறுவனம் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. மண்டோர் கைப்பேசியில் யார் எத்தனை குலை வெட்டினார் என்று தட்டுவார். மாதக் கடைசியில் கணினி கூட்டிக் கழித்து, ஒவ்வொருவருக்கும் சம்பளத் துண்டு தயாரிக்கும். அதில் ஒரு கோளாறு. ஒரு தோட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் சம்பளத் துண்டு வரவே இல்லை. மற்றவர்களுக்கு வந்துவிட்டது. பணம் சரியாகக் கணக்காகியிருக்கிறது, துண்டு மட்டும் இல்லை. ஏன்? மூன்று பேர் பார்த்தும் பிடிபடவில்லை. "நீயும் பார்" என்று நம் பிள்ளையிடம் கொடுத்தார்கள்.

துண்டு வராதவர்களின் பெயர்ப் பட்டியலை அவள் திறந்தாள். திறந்ததும் தெரிந்துவிட்டது. அத்தனையும் நம்முடைய பெயர்கள்!

நம் அடையாளக் கார்டில் எப்படி எழுதியிருக்கும்? இன்னார் ஏ/எல் இன்னார், இன்னார் ஏ/பி இன்னார். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பதன் சுருக்கம். நடுவே ஒரு சாய்ந்த கோடு இருக்கிறதல்லவா? அந்தக் கோடுதான் குற்றவாளி. கணினியில் சாய்கோட்டுக்குத் தனி வேலை உண்டு. அலமாரி, அதற்குள் கோப்பு என்று பிரித்துக் காட்ட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மென்பொருள் ஒவ்வொரு சம்பளத் துண்டையும் தொழிலாளியின் பெயரிலேயே சேமித்தது. ஏ/பி வந்ததும் கணினி என்ன நினைத்தது? கோட்டுக்கு முன்னால் இருப்பது அலமாரியின் பெயர், பின்னால் இருப்பது கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அப்படி ஓர் அலமாரியே இல்லை. ஆகவே சேமிக்க மறுத்துவிட்டது. அந்தத் தோட்டத்து இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் பெயரில் கோடு இல்லை. 'பின்', 'பிந்தி' என்பதிலும் கோடு இல்லை. சோதனைக்காக அவர்கள் வைத்திருந்த பெயர்களோ எல்லாம் அலி பின் அபு மாதிரி! அதனால்தான் முன்கூட்டியே அகப்படவில்லை.

காரணம் தெரிந்ததும் ஒருவர் சுலபமான வழி சொன்னார். பெயர்களிலிருந்து அந்தக் கோட்டை எடுத்துவிடலாம், ஒரு வரியில் வேலை முடிந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். நம் பிள்ளை எழுந்தாள். முதல் முறையாகக் கூட்டத்தில் கேட்காமலே பேசினாள். "பெயரில் கை வைக்காதீர்கள். கோப்பின் பெயரை மாற்றுங்கள்." ஏன் என்று கேட்டார்கள். அவள் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்ததால், ஓர் அலுவலகத்தில் அவர் மூன்று முறை சம்பளத்தை இழந்து அலைந்து, சத்தியப் பத்திரம் எழுதிக்கொடுத்த கதையைச் சொன்னாள். சம்பளத் துண்டில் உள்ள பெயர் அடையாளக் கார்டில் உள்ளபடி இருந்தால்தான் வங்கியிலும் சேமநிதியிலும் தொல்லை இல்லை என்று விளக்கினாள். கோப்புக்குத் தொழிலாளியின் எண்ணையே பெயராக வைக்கலாம், எண்ணில் கோடு வராது என்றாள்.

அந்த அறையில் அவளைவிடக் கணினி தெரிந்தவர்கள் எட்டுப் பேர். அந்த விஷயத்தில் அவளைவிடத் தோட்டம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அவள் சொன்னபடியே செய்யச் சொன்னார்கள், அவளையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பதினொரு குறிப்புகளோடு திரும்பி வந்தது. நாங்கள் சொல்வதெழுதுதலில் சிவப்பு மையால் சுழிப்போமே, அந்த மாதிரி. திருத்தினாள், மறுபடி ஐந்து குறிப்பு. மறுபடியும் இரண்டு. அவளுக்கு அவமானமாக இருந்ததாம். பிறகு பார்த்தால் அந்தக் காக் எழுதியதையும் இன்னொருவர் படித்துக் குறிப்பு போடுகிறார்! பத்து வருட அனுபவம் உள்ளவர் எழுதியதும் இன்னொரு கண் பார்க்காமல் உள்ளே போகாது. அங்கே அது வழக்கம். சோதனைப் பெயர்களையும் அவள் புதிதாகச் சேர்த்தாள். ஏ/எல், ஏ/பி, நடுவே '@' உள்ள பெயர், மேற்கோள் குறி உள்ள பெயர், ஒரு வரியில் அடங்காத நீளப் பெயர் என்று நம் நாட்டில் உள்ள எல்லா வகையும். இனி யார் எதை மாற்றினாலும் அந்தப் பெயர்களை வைத்துச் சோதித்த பிறகே வெளியே போகும்.

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கதை. நிரலில் உள்ள தவறை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்கிறார்கள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற கணினி தகராறு செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டி, உண்மையாகவே பூச்சி அகப்பட்டது என்று வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்வது அதற்கு முன்பே இருந்த வழக்கம், அதனால்தான் அது வேடிக்கை. அந்தப் புத்தகம் இன்றும் வாஷிங்டன் அரும்பொருளகத்தில் பூச்சியோடு இருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதுவே நிரல் எழுதுமே, பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நம் பிள்ளையும் அதைக் கேட்டு ஒரு பகுதி வாங்கி ஒட்டினாள். ஓடியது. காக் ஒரு வரியைக் காட்டி, "இது எதற்கு?" என்றார். பதில் இல்லை. "உனக்கு விளங்காததை நான் தொழிலாளியின் சம்பளத்தில் வைக்க முடியாது" என்று அழித்துவிட்டார். அன்றிலிருந்து கருவியிடம் கேட்பாள், ஆனால் வரிக்கு வரி விளக்கம் எழுதிய பிறகே எடுத்துக்கொள்வாள். பதிவுப் புத்தகத்தில் அந்த விளக்கங்கள் நான்கு பக்கம் இருக்கின்றன.

நீங்கள் கைப்பேசியில் தமிழில் தட்டிச் செய்தி அனுப்புகிறீர்களே, அதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஒரு மலேசியத் தமிழர்தான். முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன். 2005-இல் செல்லினம் வந்தது. இந்தத் துறை நமக்கு அந்நியம் என்று எண்ணவேண்டியதில்லை.

எல்லாப் பயிற்சியும் இப்படி நன்றாக அமைவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பழைய மாணவன் ஒருவன் வேறொரு இடத்துக்குப் போனான். இருபது வாரமும் தாள் நகலெடுத்து, காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். ஆகவே பிள்ளை போகும் இடத்தில் என்ன வேலை கொடுப்பார்கள், யார் மேற்பார்வை என்று முன்னமே எழுதிக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் வேலையே வரவில்லை என்றால் கல்லூரி விரிவுரையாளருக்கு உடனே சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் சொல்லிப் பயனில்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். அவளுக்கு நிறுவனம் மாதம் 600 வெள்ளி படி கொடுத்தது. மூன்று பெண்களோடு பகிர்ந்துகொண்ட அறை வாடகை 250 வெள்ளி. சாப்பாடு, பஸ் எல்லாம் போக மாதாமாதம் வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்ப வேண்டியிருந்தது. மடிக்கணினிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இப்போது மீட்டுவிட்டார்கள். பி.டி.பி.டி.என். கடனுதவி போலிடெக்னிக் மாணவர்களுக்கும் உண்டு. விண்ணப்பத்தை நேரத்தோடு போட்டால் சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.

பயிற்சி முடிந்ததும், "டிப்ளோமா வாங்கியதும் வா" என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அவளுக்குப் பட்டப்படிப்பு படிக்க ஆசை. அப்பாவுக்கு வேலையில் சேர்ந்தால் போதும் என்று எண்ணம். இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டு நம் தோட்டத்துப் பிள்ளைகள் இருவருக்குப் போலிடெக்னிக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு வீட்டில், "பொம்பளப் புள்ள, அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்துக் கடையில சேர்த்துடலாம்" என்ற பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெற்றோர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வயதுப் பெண்ணைத் தனியே அனுப்புவது எளிதல்ல. விடுதி இருக்கிறதா, அறையில் யார் யார், விரிவுரையாளரின் தொலைபேசி எண் என்ன, வார இறுதியில் எந்த பஸ் இருக்கிறது என்பதையெல்லாம் நானே விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். போய்வந்த பிள்ளையும் அவள் அம்மாவும் இன்று வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடமே பேசுங்கள். நான் பேசுவதைவிட அவர் பேசுவது உங்களுக்கு நன்றாக விளங்கும்.

கடிதத்துக்குப் பதில் எழுத இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தேநீர் முடிந்ததும் ஆசிரியர் அறையில் இருப்பேன். பதிவுப் புத்தகமும் என் மேசைமேல் இருக்கும். அடையாளக் கார்டு நகலை மறக்காமல் கொண்டுவாருங்கள். பாரத்தைப் பூர்த்தி செய்யும்போது ஏ/பி கோட்டை விடாமல் எழுத வேண்டும்!